சவர்த் தண்ணி

கல்லாற்றுக் கிணறு எதையும் சும்மா விடாது.
கடலுக்கும் வாவிக்கும் நடுவில்
மணலுக்குள் ஊறிய தண்ணி.
கழுவி வெயிலில் விட்டால்
துளி போய்விடும்,
துளியின் ஓரம் போகாது.
வெள்ளை வட்டமாய் பொனெட்டில் குந்தியிருக்கும்
கழுவாத கோப்பையில் காய்ந்த கஞ்சிபோல.

அஞ்சு மணிக்கு சம்மாந்துறையிலிருந்து ஆள் வருகிறது.
இப்போது மூன்றரை.

முதலில் கூரை.
கூரையை விட்டுக் கண்ணாடியில் தொடங்குகிறவன்
ரெண்டு தரம் துடைக்கிறான்.
சுகிர்தமலர் சாரனைக் கிழித்து
நாலு துண்டாய்த் தருகிறாள்.
"உரஞ்சாதீங்க. ஒத்துங்க.
கீறல் விழுந்தா அதுக்கும் விலை குறைப்பான்."
ஒத்துகிறேன்.
ஒரு துண்டு கனத்துவிட்டது, பிழிகிறேன்,
மறுகா ஒத்துகிறேன்.

தண்ணி ஒளிக்கிற இடமெல்லாம் எனக்குத் தெரியும்.
பதினொரு வருசம் தெரியாமல் இருக்குமா.
பெட்ரோல் மூடிக்குள் ஒரு மடக்கு.
நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்.
கதவு றப்பரின் கீழ்வளைவு.
டிக்கி ஓரத்துக் கானில்
வேப்பஞ்சருகோடு ஒரு நெல்மணி,
போன போகத்தில் மூட்டையிலிருந்து சிந்தியது,
வெள்ளையாய் வால் விட்டிருக்கிறது.
எடுத்து வேலியோரம் போட்டேன்.
விற்பனையில் அது சேர்த்தியில்லை.

இடது பின்கதவின் அடியில்
கட்டைவிரல் அளவு துரு.
மறைக்கவில்லை.
ஈரமென்றால் கறுப்பாய்த் தெரியும்
காய்ந்தால் மண் நிறம்.
மண் நிறமாய்த் தெரிந்தால் போதும்,
அவ்வளவுக்குத்தான் நான் நல்லவன்.

ஏன் விக்கிறீங்க என்று கேட்பார்.
வீட்டில் ஓட ஆளில்லை என்போம்.
பேசி வைத்த பதில்.
மற்றது அடகுக்கடைத் துண்டுக்குள்
மடித்துக் கிடக்கிறது.

பக்கக் கண்ணாடிதான் சொல்வழி கேட்கவில்லை.
துடைப்பேன், காய்ந்திருக்கும்.
கதவைச் சாத்துவேன்
உள்ளிருந்து ஒரு கோடு இறங்கும்.
வாயால் ஊதினேன்.
துணியைத் திரித்துச் செருகினேன்.
திறந்து சாத்தித் திறந்து சாத்தி
பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும்வரை.
மறுகா ஒரு கோடு.
"மூக்கொழுகுது அதுக்கு, விடுங்க" என்றாள்.
சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

நாலே முக்காலுக்கே வந்துவிட்டார் உதுமாலெப்பை,
மருமகனின் மோட்டார் சைக்கிளில்,
சட்டைப் பையில் ரெண்டு பேனையோடு.
எஞ்சினை ஓடவிட்டுக்
கண்ணை மூடிக் கேட்டார்.
டயரை உதைக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது.
பின்கதவருகே குனிந்து
கட்டைவிரலைத் துருவின்மேல் வைத்தார்.
அளவு சரியாய் இருந்தது.
ஒன்றும் சொல்லாமல் இருபதாயிரம் குறைத்தார்.
ஏன் விற்கிறோம் என்று கேட்கவேயில்லை.
பேசி வைத்த பதில் எங்கள் வாயிலேயே நின்றது.

பிறகு முன்கதவைத் திறந்தார், சாத்தினார்.
கோடு இறங்கியது.

என் கை துணியோடு எழும்பிப்
பாதி வழியில் நின்றுவிட்டது.
அவர் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து
கண்ணாடியின் கீழே கொடுத்து
கோட்டை அதன் வழியே பின்தொடர்ந்து
கைபிடி வரைக்கும்
உரஞ்சாமல்
ஒத்தினார்.

காசு எண்ணியது அதற்குப் பிறகுதான்.
ரெண்டு தரம் எண்ணினோம்,
ஒரு நோட்டு ஈரக் கையில் ஒட்டிக்கொண்டது.

கார் கல்முனைப் பக்கம் திரும்பியது.
சிக்னல் போட்டுத்தான் திரும்பினார்.
நாலு துண்டும் கொடியில் சொட்டுகின்றன.
முற்றம் முழுக்கச் சவர்த் தண்ணி,
கார் நின்ற நீள்சதுரம் மட்டும்
ஒரு துளி படாமல்
வெள்ளை மணல்.

இவ்வளவு நேரமும் வேலியில் ஒதுங்கியிருந்த நாய்
வந்து மோந்து பார்த்து
ரெண்டு தரம் சுற்றி
அதில் படுத்துக்கொண்டது.