மொழிக் கட்டம்

உமியோவில் ஜனவரி. மணி மூன்றேகாலுக்கே
சன்னலில் என் முகம் மட்டும்தான் தெரிகிறது.
நூலகவியல், பட்டியலாக்கப் பயிற்சி:
ஆளுக்குப் பன்னிரண்டு ஒலிநாடா,
ஒவ்வொன்றுக்கும் நிரப்ப இருபத்தாறு கட்டம்.

ஒன்பதாவது நாடா.
உறைமேல் பென்சிலில்: சிக்ஸ்டன், மரம்வெட்டி, 1974.
பேட்டி எடுத்தவரின் மைக் வேலை செய்யவில்லை போலும்.
ஒரு கேள்விகூட இல்லை.
நாற்காலி முனகுகிறது. அடுப்பில் விறகு வெடிக்கிறது.
இடையிடையே யாரோ
சூடான கஞ்சியை உறிஞ்சுவதுபோல
வெடுக்கென்று ஒரு மூச்சு.
பதினெட்டு நிமிடமும் அவ்வளவுதான்.

மொழி என்ற கட்டத்துக்குக் குறியீடுகள் உண்டு.
இன்னதென்று தெரியாத மொழிக்கு ஒன்று,
பல மொழி கலந்து கிடந்தால் அதற்கொன்று.
மொழியே இல்லாததற்கும் வைத்திருக்கிறார்கள்:
இசட் எக்ஸ் எக்ஸ்.
பறவைக்கும் அருவிக்கும்
வெறும் வயலினுக்கும் அதுதான்.
சிக்ஸ்டனுக்கும் அதையே போட்டேன்.

எதிர் மேசையில் மொழியியல் படிக்கும் இல்வா.
தெற்கே ஸ்கோனாக்காரி.
ஒலியியல் தேர்வுக்காக நாளெல்லாம்
உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்ப்பவள்.
என் ஹெட்ஃபோனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள்.
மாட்டியவள் வெகுநேரம் கழற்றவில்லை.
"இதற்கா மொழி இல்லை என்று போட்டாய்?"
திரையைப் பார்த்தபடி பதில் சொன்னேன்.
"சரி, இப்போது நீ பேசியது எந்த மொழி?"
நான் வாயே திறக்கவில்லையே.
"காற்றை உள்ளே இழுத்தாய். விக்கல்போல, ஷூப் என்று.
உங்கள் பக்கத்தில் அதுதானே ஆம்?"

லிக்ஸலேயில் பிறந்து இருபத்து மூன்று வருடம்.
பல் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன்,
பேருந்து ஓட்டுநரிடம்,
பிரிந்துவிடலாமா என்று தோர்கெல் கேட்டபோதும்.
எல்லாம் உள்ளே போன காற்று.
வெளியே ஒரு சொல் விட்டதில்லை.

அலைகளைத் திரையில் விரித்து எண்ணினோம்.
பதினொன்று.
ஆறாவது சேராது, இருமலுக்கு முந்தைய மூச்சு என்றாள்.
தயங்கித் தயங்கி வந்த ஆம் என்றேன்.
எங்கள் ஊர்ச் சங்கதி, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.
ஆமென்றால் அது சம்மதமா,
கதைக்கு உம் கொட்டுவதா,
பேசாமல் போய்த் தொலை என்பதா?
அதற்கு அவள் துறையிலேயே மூன்று கட்சியாம்.

மொழி: ஸ்வீடிஷ்.
பொருள்:
இந்தக் கட்டம் காலியாக இருந்தால் கணினி சேமிக்காது,
சிவப்பு நட்சத்திரம் கண்ணடிக்கும்.
காடு என்று அடித்தேன், அழித்தேன்.
கூலி? குளிர்? கல்யாணம்?
எதற்கெல்லாம் மூச்சை இழுத்தாரோ மனுஷன்.
மதிப்பெண் போனால் போகிறதென்று
மூச்சு என்றே போட்டுவிட்டு
குறிப்புப் பகுதியில் தட்டினேன்:
ஆம், பத்து. ஐயத்துக்குரியது, ஒன்று.
கேள்விகள் கிடைக்கவில்லை.