கடல் போடாத பூஜ்யம்

கிளாக்ஸ்விக்கில் மீன் ஏலம் ஆறு மணிக்கு.
ஐந்தே முக்காலுக்கு, துரோந்துர் கொண்டுவந்த
நாற்பது கிலோவும் இருபத்தொரு கிலோவும் சேர்ந்து
திரையில் நாலாயிரத்து இருபத்தொன்று ஆயின.

கூட்டச் சொன்னால் ஒட்டிவைத்திருக்கிறது நிரல்.
படிவத்தில் தட்டுவதெல்லாம் சரமாகத்தான் வரும்.
ஹெர்போர்க்குக்குத் தெரியும், மறந்துவிட்டாள்.
மேற்கோள் குறிக்குள் போன எண்
எண்ணில்லை, எழுத்து.
இன்னொன்று வந்தால் தோளோடு தோள் நிற்கும்,
கூடாது.

(இதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும்,
நான் அங்கே பெட்டி கழுவுகிறவன்.)

பதினொரு நிமிடம் பணக்காரனாக இருந்த துரோந்துர்
எல்லோருக்கும் காப்பி வாங்கினான்.
எண்ணாக மாற்று என்று அவள் ஒரு சொல் சேர்த்ததும்
அறுபத்தொன்று.
காப்பிக் காசை யாரும் திருப்பித் தரவில்லை.

அப்போதுதான் ஃபோன் வந்தது.

லோமுர் நேற்று மாலையே திரும்பியிருக்க வேண்டிய படகு.
அதன் வரிசையில் திரை 0 என்றது.
வீட்டிலிருந்து அதைப் பார்த்த ரன்வா கேட்டாள்:
பூஜ்யம் என்றால் வந்துவிட்டார்களா?
மீன் இல்லை, சரி,
ஆட்கள் வந்துவிட்டார்களா?

எடை என்றொரு மாறி.
அதில் முதல் மதிப்பாகப் பூஜ்யத்தை வைத்தது
ஹெர்போர்க்தான், போன மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை,
கட்டம் காலியாய் இருந்தால் பார்க்க நன்றாயிராதென்று.

பூஜ்யம் ஓர் எண். தராசைப் பார்த்தவன் சொல்ல வேண்டியது.
நல் என்பது, ஒன்றுமில்லை என்பதை
ஒருவர் கையால் வைத்துவிட்டுப் போவது.
அதன் வகை என்னவென்று கேட்டுப் பாருங்கள்,
பொருள் என்று சொல்லும் அந்த மொழி.
பழைய பிழையாம். இனித் திருத்தினால் பாதி உலகம் உடையுமாம்.
வரையறுக்காதது வேறு:
பெயர் வைத்தாயிற்று, இடமும் விட்டாயிற்று,
இன்னும் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை.

"அந்தப் பூஜ்யம் நான் போட்டது, ரன்வா," என்றாள்.
"கடல் போட்டதில்லை."
அந்தப் பக்கம் நாய் ஒன்று குரைத்துக்கொண்டே இருந்தது.

அழித்தாள். சேமித்தாள்.
வந்ததா என்று இன்னொரு மாறி உண்டு.
ஆம், இல்லை, அந்த இரண்டுதான் அதற்குத் தெரியும்.
அதை அவள் தொடவில்லை.

ஆறு மணிக்கு ஏலக்காரர் வரிசையாக வாசித்தார்.
வெற்றுக் கட்டத்தைத் தாண்டி அடுத்த படகுக்குப் போனார்.
போனவர் நின்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு,
திரும்பி வந்து
லோமுர் என்றார்.
குழாயை மூடினேன்.