இடது திருப்பத்தில் மட்டும்

பகலில் எண்ணூர் சாலை கண்டெய்னர்களுடையது.
எந்தக் காரின் முனகலும் கேட்காது.
அதனால் ராத்திரி இரண்டரைக்கு
டிக்கிக்குள் என்னை மடித்துப் போட்டு
ஓட்டுகிறார் ஜெயசீலி அக்கா.
ரெண்டே சீட், முப்பது வயசு வண்டி.

நாற்பதைத் தாண்டினால், இடது திருப்பத்தில் மட்டும்
டக்… டடக்.
பேரிங் என்றான் புளியந்தோப்பு தாஸ். மாற்றினோம்.
புஷ் என்றார் மூலக்கொத்தளத்துக்காரர். அதுவும்.

ஸ்குரூடிரைவரைத் தகட்டில் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் அழுத்துகிறேன்:
தேய்மானமில்லை இது,
ஏதோ உருள்கிறது.

ஓரத் தகட்டைக் கழற்றினால்
வலையில் கோக்கும் ஈயக்குண்டு.
"இதுலயா வலை ஏத்துனீங்க?"
"ஒரே ஒரு தபா."

காசிமேடு வரை ஓட்டினோம்.
இடது. அமைதி. இன்னொரு இடது.
சிரிக்க வாயெடுத்தார் அக்கா;
அப்போதுதான் கேட்டது
இத்தனை நாள் குண்டுக்குப் பின்னால்
ஒளிந்திருந்த மெல்லிய விசில்,
பிரேக்கில் கால் வைத்தால் மட்டும்.