ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

ஸ்ட்ரோம்னெஸில் மழை மேலிருந்து பெய்வதில்லை,
பக்கவாட்டில் வரும்.
கராஜ் கதவின் இடுக்கில் புகுந்து
என் முழங்காலைத் தேடி நனைக்கும்.

நான்கு குளிர்காலமாகப் படுத்திருக்கிறேன்
ஓர் எம்.ஜி.யின் வயிற்றுக்கடியில்.
அறுபத்தேழாம் வருடத்து வண்டி.
அபர்டீனில் வாங்கியபோது
பாதி வண்டியாகவும்
பாதி பிஸ்கட் டின்களாகவும் இருந்தது.
எந்த டின்னில் எது என்று
விற்றவனுக்கும் தெரியவில்லை.

கடல் உப்பு முதலில் தின்பது
கதவுக்குக் கீழுள்ள தகட்டை.
ஸ்க்ரூடிரைவரால் தொட்டேன்,
அப்பளமாய் நொறுங்கி உள்ளே போனது.
வெட்டினேன், பற்றவைத்தேன், தேய்த்தேன்.
கதவு மூடவில்லை.
மறுபடி வெட்டினேன்.
மூன்று மில்லிமீட்டர்.
மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு பிப்ரவரி முழுதும்.

ரோனா அந்தப் பக்கமே வரமாட்டாள்.
அவளுக்கு அந்த இடத்தில் ஒரு பெரிய ஃப்ரீசர் வேண்டியிருந்தது.
"உன் சிவப்பி எப்படி இருக்கிறாள்?" என்பாள்
சூப் கிண்ணத்தைப் பார்த்தபடி.
வண்டி மஞ்சள் நிறம்.
அது அவளுக்கும் தெரியும்.

மே மாதம் முதன்முறை சாவியைத் திருப்பினேன்.
வெடித்தது.
புகைக்குழாயில் ஒரு நெருப்பு நாக்கு எட்டிப் பார்த்தது.
லெஸ்லி ஃப்ளெட்டின் ஆடுகள் மேட்டைத் தாண்டி ஓடின.
லெஸ்லி ஓடவில்லை.
வேலிமேல் சாய்ந்துகொண்டு கத்தினார்,
"ஒயர் மாறிப்போச்சு!"

மாறித்தான் போயிருந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று
பள்ளிப் பிள்ளைபோல் மாட்டியிருக்கிறேன்,
முப்பது வருடம் கப்பல் எஞ்சினோடு குடித்தனம் செய்தவன்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
அந்த வரிசையில் கேட்டால்தான் அது பதில் சொல்லும்.

சொன்னது. நொண்டிக்கொண்டே சொன்னது.

இரண்டு கார்புரேட்டர்.
இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும்.
அளப்பதற்கு ஒரு முழ ரப்பர் குழாய் போதும்:
ஒரு முனை அதன் வாயில், மறுமுனை நம் காதில்.
சீறல் இரண்டிலும் ஒன்றாகும்வரை
திருகை நகர்த்தவேண்டும், அவ்வளவுதான்.

குழாயை வைத்தேன்.
ஒன்றுமில்லை.
வலது காது. இடது காது.
அடைத்திருக்கிறதோ என்று ஊதிப் பார்த்தேன்,
மறுமுனையில் வைத்த விரல் குளிர்ந்தது.
குழாயில் குறையில்லை.

ஃபெர்ரிகளின் அடித்தளத்தில்
எந்த வருடம், எந்தத் துறைமுகத்தில்
மெல்லிய ஒலிகள் என்னிடம் சொல்லாமல்
இறங்கிப் போயின?

ரோனா வாசலில் நின்றிருந்தாள்.
மூன்று முறை கூப்பிட்டாளாம்.
பிரசவ வார்டுச் சீருடை, கையில் பை,
ஏற்கெனவே தாமதம்.
குழாயைப் பிடுங்கிக்கொண்டு குனிந்தாள்,
இருபத்தாறு வருடம் அடுத்தவர் வயிற்றில் காது வைத்தவள்.

"முன்னது அதிகம் இழுக்கிறது."
கால் சுற்று திருப்பினேன்.
"இன்னும்."
"போதும். இல்லை, தாண்டிவிட்டாய். திரும்பி வா."
"இப்போது பின்னது."

அவள் உதடுகளைப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தேன்.
எத்தனை நாளாக
இப்படிப் பார்த்தே கேட்டு வருகிறேனோ.

ஃபெண்டர்மேல் இருந்த தேநீர்க் கோப்பையில்
நடுங்கிக்கொண்டிருந்த வளையங்கள்
சட்டென்று அடங்கின.
அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
நான் பானட்டில் உள்ளங்கையை வைத்தேன்.
கேட்டது.

"கிர்க்வாலுக்கு இதிலேயே கொண்டுவிடு" என்றாள்.
பதினைந்து மைல்.
மேல்துணி ஒழுகியது.
வைப்பர் இடது பக்கம் மட்டும் வேலை செய்தது,
அவள் பக்கம்.
என் பக்கத்துப் பற்சக்கரம் இன்னும் ஏதோ ஒரு டின்னில்.
எனக்குக் கண்ணாடி முழுவதும் தண்ணீர்;
அவள் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்,
ரப்பர் குழாய் மறந்துபோய் மடியில்.

"செவ்வாய்க்கிழமை காது டாக்டர்" என்றாள்,
அல்லது வேறு ஏதோ.
தலையாட்டி வைத்தேன்.

"ஆடு!" என்றாள்.
அது தெளிவாகவே கேட்டது.