பதினொரு நிமிடம்

பல்கலைக்கழகம் எங்கள் வார்டுக்கு வந்தது
நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டே காலுக்கு,
நனைந்த குடையும் ஒரு நிறுத்துகடிகாரமுமாக.
பெயர் ஒடெத் ஸ்துவார்தோ. பொறியியல் துறை.
மரம் அறுக்கும் ஆலைகளில்
எந்த இயந்திரம் எங்கே நிற்க வேண்டும் என்று
சொல்லிக்கொடுத்தவளாம்.
நம்மையும் பலகையாக்க வந்திருக்கிறாள் என்றான்
ஸ்ட்ரெச்சர் தள்ளும் நிவால்தோ,
அவள் காதில் விழும்படியே.

ஒப்பந்தம் போன மாதமே ஆகிவிட்டது.
துணைவேந்தரும் இயக்குநரும்
பதினான்கு பக்கத்தில் கையெழுத்துப் போட்டு
கேமராவைப் பார்த்துக் கைகுலுக்கினார்கள்.
அன்றும் எனக்கு இரவுப் பணி.
கேக் எங்கள் மாடிவரை ஏறவில்லை.

வெளியே வால்திவியாவின் ஜூன் மழை.
ஆற்றோர மீன் சந்தைப் பக்கம்
கடல்சிங்கங்கள் குரைத்தபடி இருந்தன.
அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள்:
ஏழாம் கட்டில். மணி அடித்தது 2:10.
செவிலி வந்தது 2:21.
அந்தப் பதினொரு நிமிடம்
செவிலி எங்கே செத்துக்கொண்டிருந்தாள் என்பதற்கு
அவள் தாளில் கட்டம் இல்லை.

மூன்றாம் இரவு பொறுக்கமாட்டாமல் சொன்னேன்:
எழுதுவதானால் முழுசாக எழுது.
எழுந்து என்னோடு நட.

நடந்தாள்.
மார்ஃபின் அலமாரி எங்கள் வார்டில்.
அதன் சாவி
இரண்டு மாடி கீழே, முற்றம் தாண்டி,
சாரல் அடிக்கும் நடைபாதை தாண்டி,
மருந்தகத்தில் காவலாளியின் மேசை இழுப்பறையில்.
அவனை எழுப்பு. பதிவேட்டில் கையெழுத்திடு. மேலே வா.
ஊசி போட்டு முடித்ததும்
சாவியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடு.
ஏன் அங்கே, என்றாள்.
எப்போதோ மருந்துக் குப்பிகள் திருட்டுப் போயினவாம்.
உத்தரவு போட்டவர் ஓய்வுபெற்று
மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் காலணிகளில் அடி எண்ணும் கருவி கட்டினாள்.
எட்டு இரவுகள்.
ஓர் இரவுக்கு ஒன்பது கிலோமீட்டர்,
அதில் நாலு அந்தச் சாவிக்கு.
என் முழங்காலுக்கு இது
எப்போதோ தெரிந்த விஷயம்.
அதற்கு முனைவர் பட்டம் இல்லை, அவ்வளவுதான்.

ஏழாம் கட்டில் ஆர்னோல்தோ பாரியா.
எலும்பில் புற்று. நாற்பது வருடம் படகோட்டி.
அவரிடமும் கேட்டாள்,
மணி அடித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று.
கண்ணை மூடித் துடுப்புப் போடுவேன், என்றார்.
அக்கரைக்கு நாலு நிமிடம்.
எர்சிலியா வந்து சேர்வதற்குள்
மூன்றாவது தடவை, நடு ஆறு தாண்டியிருப்பேன்.

ஒடெத் அதை ஓரத்தில் எழுதினாள்.
அதற்கும் கட்டம் இல்லை.

பிறகு மூன்று குழுக்கள், ஐந்து மாதம்,
மருந்தகத் தலைவரின் நீண்ட ஆட்சேபக் கடிதம்.
அதற்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய பதிலில்
கோபமான வாக்கியங்கள் என்னுடையவை,
நிறுத்தற்குறிகள் அவளுடையவை.
அக்டோபரில் வார்டுச் சுவரில் ஒரு பெட்டி வந்தது.
எண் பூட்டு, இரண்டு செவிலியர் கையெழுத்து.

ஆர்னோல்தோ ஆகஸ்டிலேயே போய்விட்டார்.
அன்றும் மணி அடித்திருந்தார்.
நான் முற்றத்தில் இருந்தேன்.

ஆய்வுக் கட்டுரையில் அவர் சொன்னதைச் சேர்த்திருந்தாள்.
அளவின் அலகு என்ன என்று
விளக்கம் கேட்டார்கள்.
ஆறு, என்று எழுதி அனுப்பினாள்.
நீக்கிவிட்டார்கள்.

இப்போது ஏழாம் கட்டிலில் வேறொருவர்,
பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பேச்சே கிடையாது.
மணி அடித்தால் நாலு நிமிடத்தில் போய்விடுகிறேன்.
ஒரு தடவை அக்கரை.
கை பெட்டியைத் திறக்கப் பழகிவிட்டது.
கால்தான் சில இரவுகளில்
பாதித் தூக்கத்தில்
படிக்கட்டுப் பக்கம் திரும்புகிறது.