அறிவிக்க ஏதும் உண்டா

படிவம் திரும்பி வந்துவிட்டது.
ஏழாவது கட்டத்தைச் சுற்றி மஞ்சள் மை:
விபத்து நடந்த தேதி.
எட்டாவது, நேரம்.
காலையா மாலையா, வட்டமிடவும்.

பதினேழு ஆண்டுகள் என்று எழுத
அந்தக் கட்டத்தில் இடம் போதாது.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி, மோட்டார்சைக்கிள் தடம்.
நான் துணைக் காவல் அதிகாரி.
விடிகாலை நாலரைக்குப் பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து
முகப்பு விளக்குகள் கிளம்பும்.
ஜொகூரில் தூங்கி இங்கே பிழைப்பவர்கள்,
மழைச்சட்டையும் முதுகுப்பையுமாக,
ஹெல்மெட்டுக்குள் கொட்டாவி விட்டபடி.
கூரை தாழ்வு. காற்றுக்குப் போக்கிடமில்லை,
அதுவும் எங்களோடு நின்று வேலை பார்க்கும்.
இரண்டடி நகர ஒருமுறை முறுக்குவார்கள்.
ஒவ்வொரு முறுக்குக்கும் எங்களுக்கு ஒரு மிடறு.

பையைத் திற. இருக்கையைத் தூக்கு.
அறிவிக்க ஏதும் உண்டா?
ஒரு பணிநேரத்தில் நூறு தடவை கேட்டிருப்பேன்.
இருக்கைக்கு அடியில் நாடாவால் ஒட்டிய சிகரெட்,
ஒருமுறை, ரொட்டி டப்பாவுக்குள்
மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஆமைக்குட்டி.
பிடித்திருக்கிறேன். எனக்குக் கண் கூர்மை.
என் மார்புக்குள் தினமும் ஒன்று
முத்திரை வாங்காமல் கடந்துபோனதைத்தான்
பிடிக்கவில்லை.

காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் டாக்டர் குவா
மரியாதையாகவே கேட்டார்.
புகைப்பீர்களா?
இல்லை.
எப்போதாவது, நண்பர்களோடு?
இல்லை.
வீட்டில் ஊதுவத்தி?
வெள்ளிக்கிழமை சாம்பிராணி என்றேன்.
எழுதிக்கொண்டார்.
ஏழாம் மாதத்தில் உங்கள் புளோக்கின் கீழே
காகிதப் பணம் எரிப்பார்களா?
எரிப்பார்கள்.
எழுதிக்கொண்டார்.
சுமத்ராவில் காடு எரிந்த ஆண்டு, புகைமூட்டத்தின்போது
எங்கே இருந்தீர்கள்?
சாவடியில், பன்னிரண்டு மணி நேரப் பணி.
புகைமூட்டம் என்பதை மட்டும் எழுதிக்கொண்டார்.

என் வீட்டுச் சாமி, கீழ்வீட்டு முன்னோர்கள்,
அண்டை நாட்டுக் காடு
எல்லோரும் சிவப்புத் தடத்தில் பையைத் திறந்து நிற்க,
வண்டிப் புகை மட்டும்
பச்சைத் தடத்தில் கையசைத்துப் போனது.

பிறகு ஒரு குழாயைக் கொடுத்தார்கள்.
ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க என்றாள்
பணிவிடைப் பெண். திரையில் ஒரு கோடு
எழுந்த வேகத்தில் படுத்துக்கொண்டது.
பரவாயில்லை அங்கிள் என்றாள்.
பரவாயில்லை என்று அவள் எழுதவில்லை.

செண்பகவல்லி சாம்பிராணியை நிறுத்திவிட்டாள்.
சாமி அலமாரியில் வெறும் விளக்கு.
"சாமி கோவிச்சுக்காது, கேஸ்தான் கெட்டுப்போகும்."
போலீசில் இருக்கும் அவள் தம்பி ஞானவேலைக் கேட்டேன்.
உங்களுக்கு ஒரு சட்டம் மச்சான், எங்களுக்கு வேற புத்தகம்,
எனக்குத் தெரியாது என்றான்.
தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் இருவர் சட்டையும்
ஒரே நீலம்.

சாட்சிக் கையெழுத்துக்கு ரோஸ்லானைக் கூப்பிட்டேன்,
காப்பிக்கடைக்கு. அதே தடம், அதே பதினேழு ஆண்டு.
கோப்பி-ஓ ஆறும் வரை பேனாவைத் தொடவில்லை.
அவனுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம்.
இருமல் வந்தபோது எழுந்து
சாலையோரம் போய் இருமிவிட்டு,
முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.
நான் பார்க்காதது போல இருந்தேன்.
கேட்டிருக்கலாம், எனக்குப் பழகிய கேள்விதான்.
கேட்கவில்லை.

இன்று அலாரம் இல்லாமலே விழித்தேன், நாலு இருபத்தெட்டு.
மார்சிலிங், ஒன்பதாவது மாடி. சன்னல் திறந்திருந்தது.
தூரத்தில் வண்டிகள்,
கொதிக்கப்போகும் உலைபோல ஒரு சத்தம்.
சன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டேன்.

ஏழாவது கட்டம் அப்படியே இருக்கிறது.
எட்டாவதில்
காலையை வட்டமிட்டேன்.