கைரேகை விழாதவன்

ரேஷன் கடை மெஷினில்
ஐந்தாவது முறையும் விழவில்லை
தேசப்பனின் கைரேகை.
"கையக் கழுவிட்டு வாய்யா" என்கிறாள் பில் போடுகிறவள்.
அவன் என்னைப் பார்க்கிறான்.
நேற்றிரவு முழுக்க
அவனுக்குக் கையே இல்லை.

எண்ணூர் முகத்துவாரத்தில்
சாம்பல் படிந்த தண்ணீருக்குள்
ஒற்றைக்கால் நாரையாய் நின்றிருந்தான்.
விடிந்து திரும்புகையில்
அவசர அவசரமாய் விரல்களைச் செய்துகொள்வான்,
கோடுகள் ஒவ்வொரு முறையும் வேறு.
ஒருநாள் காதுக்குப் பின்னால் ஒரு இறகு மிச்சம்.
நான்தான் பிடுங்கினேன்.
வலித்தது என்றான்.

நான் சூனியக்காரி.
காலடிப்பேட்டைக்கே தெரியும்.
பகலில் ஏசுகிறவர்கள்
இருட்டினால் எலுமிச்சம்பழத்தோடு வருவார்கள்,
புருஷனைக் கட்டிப்போடச் சொல்லி.
ஏழு முடிச்சு, முன்னூறு ரூபாய்.
ஒருத்தி ஜிபே பண்ணினாள்.

அதே ஏழு முடிச்சை
அவன் கணுக்காலிலும் போட்டேன் ஒருமுறை,
தூங்கும்போது.
மூன்று நாள் மனுஷனாகவே இருந்தான்.
லுங்கியை மடித்துக் கட்டி
தண்ணி லாரிக்கு வரிசையில் நின்றான்,
என் குடங்களைத் தூக்கிவந்தான்.
நாலாம் நாள் மொட்டைமாடிக்கு மேலே
ஏதோ ஒரு நாரை கத்திக்கொண்டு போனது.
பதில் சொல்ல வாயைத் திறந்தான்.
இருமல்தான் வந்தது.

கத்தரிக்கோல் தேடவில்லை நான்,
பல்லாலேயே அறுத்தேன் கயிற்றை.

வரிசை முணுமுணுக்கிறது.
மெஷினைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கிறேன்.
பச்சை விளக்கு.
சின்னச் சூனியம்தான், இருபது கிலோ அரிசிக்கு.

சைக்கிள் கேரியரில்
மூட்டையை இறுக்கியபடி சொல்கிறான்:
"இன்னிக்கு நைட்டு மழ வரும் போலக்குது.
ஜன்னல சாத்திடாதமே."